குடா

குடா என்றால் வளைவு. பாதம் உட்புறம் வளைந்த கரடிக்கு 'குடாவடி' என்று அடைமொழி தருகிறது திருமுருகாற்றுப்படை. கடல் நிலத்துக்குள் வளைந்து புகுந்தாலும் குடாதான். அப்படியானால் 'வளைகுடா' என்பது 'நடு சென்டர்' போல, வளைவின் மேல் வளைவு. வாய் அகன்றதைப் பிரித்துச் சொல்ல 'விரிகுடா' வந்தது. யாழ்ப்பாணத்தார் தங்கள் நிலத்தையே குடாநாடு என்கிறார்கள். நமக்கு அது தீபகற்பம். அவர்கள் சொல்தான் எனக்குப் பிடிக்கிறது.

இன்றைய மன்னார் வளைகுடா, இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய தாலமிக்கு 'கொல்கிக்' குடா. கொற்கையைத்தான் கிரேக்கர் அப்படி உச்சரித்தார்கள். வடக்கே அடுத்த குடாவுக்கு அவர் தந்தது உறையூரின் பெயர் என்பர். இப்போது அது பாக் விரிகுடா, 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயரில். எவர் கை ஓங்கியதோ அவர் பெயர் கடலுக்கு. கொற்கையின் கை ஓங்கியது முத்தால். பிறகு தாமிரபரணி வண்டல் துறையைத் தூர்க்க, ஊர் கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே போயிற்று. வாணிகம் காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் இடம்பெயர்ந்தது.

தூத்துக்குடியில் 1979-இல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதன் சாம்பல் நீர் கடலோரம் சேர்ந்து ஆழமற்ற இடங்களில் படிந்தது. குடாவின் அலை அடங்கிய நீர் தோணிக்கும் நல்லது, சிப்பிக்கும் நல்லது. ஆனால் விட்ட கழிவும் அங்கேயே தங்கிவிடும். போதாததற்கு மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டினார்கள். 1986-இல் தேசியப் பூங்காவான 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில், வல்லம் வடகால் சிப்காட்டில் நிற்பவருக்குக் குடா தூரத்துச் சொல்லாகத் தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்து ஏரிகள் கலங்கல் வழியே ஒன்றுக்கொன்று நீர்விட்டு அடையாற்றில் சேர்கின்றன. அடையாறு வங்காள விரிகுடாவில் விழுகிறது. சென்னைக் கரையில் வளைவே இல்லை, நேர்கோடு. கழிவைத் தேக்க அங்கே வளைவு தேவையும் இல்லை: முகத்துவாரத்தில் மணல்திட்டு சேர்ந்தால் வாய் அடைபடும், மேலிருந்து வந்தது ஆற்றுக்குள்ளேயே நிற்கும்.