பாலாற்றங்கரையின் மூன்று நினைவுகள்

ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1904இல் சென்னை மாகாணத்தின் தோல் தொழிலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1929இல் தோல் மீதான வரியை ஆராய ஒரு குழு வந்தது. 1944இல் அமைக்கப்பட்ட ரேகே குழு, மற்றத் தொழில்களோடு தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கூலியையும் வேலை நேரத்தையும் விசாரித்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் பழைய காலத்தை எழுத உட்காருபவருக்கு இந்தத் தாள்கள் எல்லாம் தேடினால் கிடைக்கும். எந்தப் பட்டை, என்ன விலை, எந்தத் துறைமுகம் என்று கேட்டால் அவை பதில் சொல்லும். சுண்ணாம்புக் குழியில் நாள் முழுக்க நின்றவர் வீட்டுக்கு வந்ததும் வெடித்த கைக்கு எதைத் தடவினார், அந்தக் கையால் எப்படிச் சோறு பிசைந்தார் என்று கேட்டால் பதில் வராது.

அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயதுதான் ஏறிக்கொண்டே போகிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜா ரோட்டில் போய் நின்றது. அங்கிருந்து மேற்கே பாலாற்றை ஒட்டிப் போனால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்கள் வரிசையாக வரும். பேரணாம்பட்டு கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. 2019வரை எல்லாமே ஒரே வேலூர் மாவட்டம். இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று. ஆற்று நீர், காடுகளில் வளர்ந்த ஆவாரை, சென்னைக்கு ரயில், அங்கே பெரியமேட்டில் மண்டி: தொழில் இங்கே வேரூன்ற இத்தனையும் கைகொடுத்தன.

இங்கிருந்து கப்பலேறிய சரக்குக்கு உலகச் சந்தையில் ஈஸ்ட் இந்தியா தோல், சுருக்கமாக ஈ.ஐ. தோல், என்று பெயர். இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனதில் பெரும்பங்கு சென்னை மாகாணத்தில் பதனிட்டது. பதனிடும் முறை நீண்டது. உப்புத் தோலை முதலில் நீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. மயிர் இளகியதும் மரக்கட்டை மேல் விரித்து மழுங்கிய கத்தியால் வழிப்பார்கள். திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கும் சதையைச் சீவுவார்கள். அடுத்து ஆவாரம்பட்டைச் சாறு நிரம்பிய குழிகளில் தோலை மாற்றி மாற்றிப் போட்டு, மிதித்து, புரட்டி எடுக்க வேண்டும். கடைசியில் கடுக்காய் நீர், எண்ணெய், நிழலில் உலர்த்தல். எல்லாம் முடிய வாரக்கணக்காகும். ஆவாரம்பட்டை போதாதபோது தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது.

1970களில் எல்லாம் மாறியது. பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவிக்க வேண்டும் என்று சீதாராமய்யா குழு பரிந்துரைத்திருந்தது. குழிகள் இருந்த இடங்களில் குரோம் உப்போடு சுழலும் டிரம்கள் வந்தன. வாரக்கணக்கான வேலை நாள்கணக்கில் முடிந்தது. அடுத்து ஷூ கம்பெனிகள் வந்தன. கிராமங்களிலிருந்து பெண்கள் கூட்டங்கூட்டமாகத் தையல் மெஷின்களுக்கு முன் வந்து உட்கார்ந்தார்கள். 1970இல் பதினைந்து வயதில் பட்டைக் குழியில் இறங்கிய பையனுக்கு இன்று எழுபதுக்கு மேல் வயது. பட்டைச் சாறு போதுமான அளவு ஏறிவிட்டதா என்று தோலின் வெட்டு முனையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறை அதுதான்.

ஒரு ஊரின் நினைவைப் பதிவு செய்வது என்றால் பொதுவாக ஒரு காட்சி மனதில் வரும்: திண்ணையில் ஒரு பெரியவர், எதிரே ஒரு ஒலிப்பதிவுக் கருவி, பழைய நல்ல காலத்தைப் பற்றிய பேச்சு. தோல் வட்டாரத்தில் இந்த முறை பாதி வழிகூடப் போகாது. இங்கே ஊருக்கு ஒரே நினைவு கிடையாது. குறைந்தது மூன்று உண்டு, மூன்றும் ஒன்றோடொன்று மோதுபவை.

முதலாவது வியாபாரக் குடும்பங்களின் நினைவு. மேல்விஷாரத்தின் நவாப் சி. அப்துல் ஹக்கீம் தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வழங்கியதை அந்த ஊர் இன்றும் சொல்லும். அங்குள்ள கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி. இந்தக் கல்லூரிகளின் செங்கல்லில் தோல் பணம் இருக்கிறது. லண்டன் ஏலம், போர்க்கால விலை, சோவியத் ஆர்டர்கள், 1991இல் அந்தச் சந்தை சரிந்த அதிர்ச்சி, ஜெர்மனி சில ரசாயனங்களுக்குத் தடை போட்டபோது ஒரே இரவில் சரக்கு தேங்கிய பயம்: இவையெல்லாம் அந்த வீடுகளின் பேச்சு.

இரண்டாவது தொழிலாளியின் நினைவு. செத்த மாட்டின் தோலைத் தொடும் வேலையை யார்மீது சுமத்துவது என்பதில் சாதிக்கு ஐயமே இருந்ததில்லை. குழிக்குள் நின்றவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஆனாலும் அவர்கள் கதையை ஒற்றை வரியில் துயரம் என்று எழுதிவிட முடியாது. பண்ணை வேலையில் நெல்லை அளந்து வாங்கியவருக்குத் தோல் தொழிற்சாலை கையில் காசாகக் கூலி கொடுத்தது. நாற்றம் உடம்போடு ஒட்டிக்கொண்டது; அதே சமயம் ஆண்டையின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது. பிள்ளை பள்ளிக்குப் போனது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் அந்த வேலை பார்த்தவர் மட்டுமே.

மூன்றாவது விவசாயியின் நினைவு. இதற்கு மட்டும் உச்ச நீதிமன்றம் வரை போன வரலாறு உண்டு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிற்சாலைக் கழிவு பாலாற்றிலும் வயல்களிலும் ஓடி, நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்பது புகார். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. வேலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது: தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் நீர் தேவை என்ற கணக்கும் அதில் உண்டு. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதும், முன்னெச்சரிக்கைக் கொள்கை நாட்டின் சட்டமாக ஏற்கப்பட்டதும் இந்தத் தீர்ப்பில்தான். இழப்பீட்டை நிர்ணயிக்க அமைந்த ஆணையம் பாதிக்கப்பட்டோர் என்று ஏறத்தாழ 29,000 பேரை அடையாளம் கண்டது. வழக்கு அதோடு முடியவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே வட்டாரத்துக்காக உத்தரவுகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது.

வழக்குக் கட்டுகளில் உப்புத்தன்மையும் குரோமிய அளவும் எண்ணாக இருக்கின்றன. ஆனால் கெடுவதற்கு முன் அந்த நீர் எப்படி இருந்தது? 1960இல் கிராமத்துக் கிணற்று நீரைக் குப்பியில் பிடித்து யார் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்? எந்தக் கிணறு தித்தித்தது, பருப்பு வேகாமல் போனது எந்தக் கோடையில், நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியது எப்போது, தென்னையும் குரும்பை உதிர்த்தது எப்போது என்ற வரிசை அந்த நிலத்தில் உழைத்தவர் தலைக்குள் இருக்கிறது. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘என் பெயர் பாலாறு’ ஆவணப்படம் ஆற்றங்கரை மக்களின் குரலைக் கேமரா முன் கொண்டுவந்தது. அப்படி ஒரு படம் இருப்பதால், இன்னும் நூறு கிராமங்களில் கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்பதாவது தெரிகிறது.

இந்த மூன்று நினைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிக்கல் தொடங்கும். 1975 முதல் 1990 வரையிலான ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதி செய்தவருக்கு அது வளர்ந்த காலம். முதல் சம்பளத்தில் மூக்குத்தி வாங்கிய ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு அது விடுதலையின் காலம். அவளுடைய அப்பாவுக்கு, ஊர்க் கிணறு செத்த காலம். மூன்றும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கும். ஒருவரை மட்டும் பேசவிட்டு எழுதும் ஊர் வரலாறு, என்னதான் உண்மையாக இருந்தாலும், மற்ற இருவருக்கும் பொய்யாகத் தெரியும்.

நினைவு தவறும் என்பது பழைய ஆட்சேபம். இத்தாலிய ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். டெர்னி என்ற எஃகு ஆலை ஊரில் லூயிஜி டிராஸ்டுல்லி என்ற இளம் தொழிலாளி 1949 மார்ச்சில், நேட்டோவுக்கு எதிரான பேரணிக்குப் போகும்போது போலீஸுடன் நடந்த மோதலில் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு போர்ட்டெல்லி விசாரித்தபோது, பலர் அந்தச் சாவை 1953இல் வைத்துச் சொன்னார்கள். அது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து தெருவில் போராடிய ஆண்டு. தேதி தவறுதான். ஆனால் தங்கள் தோழனின் சாவுக்குத் தகுதியான காரணம் வேலை பறிபோனதுதான் என்று ஒரு ஊரே முடிவு செய்திருந்தது அந்தத் தவறால் வெளிப்பட்டது. ஆவணத்தோடு ஒப்பிட்டபோதுதான் தவறு தெரிந்தது. தவறைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் அதன் பொருள் தெரிந்தது.

பாலாற்றங்கரையில் இப்படி ஒப்பிட நல்ல வாய்ப்பு உண்டு. 1903 நவம்பரில் வந்த பெருவெள்ளம் வாணியம்பாடியில் பலரை அடித்துச் சென்றது. அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. தாத்தா சொன்னதாகப் பேரன் சொல்லும் வெள்ளம் எது, அதன்பின் வந்த வெள்ளங்கள் அதற்குள் எப்படிக் கலந்தன என்று பார்க்கலாம். ஆறு என்றால் மணல் என்றே வளர்ந்த பிள்ளைகள் 2021 நவம்பரில் கரை தொட்ட தண்ணீரைப் பார்த்தார்கள். அவர்களிடமும் இப்போதே கேட்டு வைக்கலாம்.

இந்தியாவில் தொழில் ஊர் ஒன்றின் நினைவைப் பெரிய அளவில் தொகுத்த முயற்சிக்கு மும்பை முன்னே நிற்கிறது. நீரா அடார்கரும் மீனா மேனனும் அந்நகரின் ஆலைப் பகுதியான கிரண்காவின் தொழிலாளர்களிடம் கேட்டுத் தொகுத்த நூல் 2004இல் வந்தது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் மூடி, அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருந்த நேரம் அது. ஈழத் தமிழர்களிடையே 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் எண்ணிமப்படுத்தி எல்லோரும் கேட்கும்படி வைக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வேலையில் நாவலாசிரியர்கள் முந்திக்கொண்டார்கள். திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ், அந்த ஊர்த் தோல் தொழிலாளர்களின் அடிமை வாழ்வையும் சங்கம் கட்டிய போராட்டத்தையும் ‘தோல்’ நாவலாக்கினார். 2012இல் அது சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’ வேலூர் வட்டாரத் தலித் குடும்பத்தின் தலைமுறைக் கதை. கேட்ட குரல்களை நாவல் தன் தேவைக்கு உருக்கி வார்த்துக்கொள்கிறது. அந்தக் குரல்களின் மூல ஒலி தனியாகச் சேமிக்கப்பட வேண்டியிருக்கிறது.

சேமிக்கப் போகிறவருக்கு மொழியே முதல் சோதனை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல முஸ்லிம் வீடுகளின் அடுப்படிப் பேச்சு தக்கனி உருது. அருந்ததியர் குடியிருப்பில் தெலுங்கு. தமிழ் மட்டும் தெரிந்தவர் போனால் எல்லோரும் அவருக்காகத் தமிழில் பேசுவார்கள். முக்கியமான இடத்தில் தங்களுக்குள் வேறு மொழிக்கு மாறிக்கொள்வார்கள். அடுத்த சோதனை அச்சம். மகள் இன்னும் கம்பெனியில் வேலை பார்க்கும்போது அப்பா பழைய கூலித் தகராறைப் பெயரோடு சொல்வாரா? பதிவை எப்போது வெளியிடலாம், பெயரை மறைக்க வேண்டுமா என்பதைச் சொன்னவரே முடிவு செய்ய வேண்டும். முதலாளி வீட்டில் கேட்டுவிட்டு அதே வண்டியில் தொழிலாளி தெருவுக்குப் போய் இறங்கினால், வாய் திறப்பதற்கு முன்பே பேட்டி முடிந்துவிடும்.

பொதுவான கேள்விகளும் உதவாது. ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்றால் ‘நல்லா இருந்தது’ என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். குழியில் எத்தனை பேர் நின்றீர்கள், கத்தி உங்களுடையதா கம்பெனியுடையதா, முன்பணம் எவ்வளவு, மேஸ்திரி எந்த ஊர், வேலை முடிந்து பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தார்களா, பெண் பார்க்க வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று இறங்கிக் கேட்டால் ஊர் தானாக வெளிவரும்.

வேலையும் இந்த ஆறு ஊர்களோடு முடியாது. தோலின் மறுபாதிக் கதை சென்னைப் பெரியமேட்டில், மண்டிகளில் கணக்கெழுதியவர்களிடமும் தரம் பிரித்தவர்களிடமும் இருக்கிறது. குரோம் பதனிடுதல் வந்த கதை, 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரை இன்றும் சுமக்கும் குரோம்பேட்டையில். தோல் வேலைக்குப் போகாமல் அதே சேரிகளிலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு ரயிலேறியவர்களின் பிள்ளைகள், 2001இல் சுரங்கம் மூடிய பிறகும் அங்கேயே இருக்கிறார்கள். ஆம்பூரில் ஒரு பேட்டி எடுப்பவர் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி, ‘உங்க சொந்தக்காரங்க வேற யாரு, எங்க இருக்காங்க?’ என்பதாக இருந்தால், அடுத்த பேட்டிக்கான முகவரி அதிலேயே வந்துவிடும்.