உயிரணு கேட்கும் சேதி

நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களின் தொகுதி என்பதைப் பள்ளிச் சிறுவரும் இன்று அறிவர். ஆயின், அவ்வுயிரணு ஒவ்வொன்றும் தான் செய்யவேண்டிய வேலை யாதென எவ்வாறு அறிகிறது என்னும் கேள்வியை நம்மில் பலர் எழுப்புவதில்லை. பாம்பைக் கண்டு ஒருவன் திடுக்கிடுகிறான். சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பியிலிருந்து அட்ரினலின் என்னும் பொருள் இரத்தத்தில் கலக்கிறது. உடனே இருதயம் விரைந்து அடிக்கிறது. தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி முகம் வெளிறுகிறது. மூச்சுக் குழல்களோ சுருங்குவதற்கு மாறாக விரிகின்றன. சேதி ஒன்று, விளைவு மூன்று. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண அறிஞர்க்கு நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. அவ்வரலாற்றின் நாயகருள் ஒருவர் நம் சிங்கப்பூரிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது இதனை ஈண்டு எடுத்துரைக்க மேலுமொரு காரணம்.

கதை நஞ்சிலிருந்து தொடங்குகிறது. தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் வேட்டைக்காக அம்பு நுனியில் தோய்க்கும் நஞ்சுக்குக் குராரே என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதனைத் தவளைகளில் சோதித்தார். நஞ்சேறிய தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையையே நேராக மின்சாரத்தால் தூண்டினால் அது துடித்தது. நரம்பும் கெடவில்லை, தசையும் கெடவில்லை எனின், கெட்டது யாது?

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் ஜான் லாங்லி 1905-ஆம் ஆண்டில் இக்கேள்வியை மேலும் துருவினார். அவர் எடுத்துக்கொண்டவை கோழியின் தசையும் புகையிலையின் நிகோட்டினும். நிகோட்டின் பட்டதும் தசை சுருங்கியது. நரம்பை அறுத்து, அதன் முனைகள் முற்றும் அழிந்தபின் மீண்டும் நிகோட்டினை இட்டார்; அப்போதும் சுருங்கியது. ஆகவே நிகோட்டின் நரம்பின்மீது அன்று, தசையின்மீதே வேலை செய்தது என்பது தெளிவாயிற்று. குராரேயை இட்டதும் நிகோட்டினின் ஆற்றல் அடங்கியது. ஆயினும் மின்சாரத்துக்குத் தசை முன்போலவே சுருங்கியது. சுருங்கும் பகுதி வேறு, சேதியை ஏற்கும் பகுதி வேறு என்று லாங்லி முடிவு கட்டினார். அப்பகுதிக்கு 'ஏற்கும் பொருள்' எனப் பெயரிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் பால் எர்லிக், நோய்த் தடுப்பை ஆராய்ந்து வேறு வழியாக இதையொத்த கருத்துக்கு வந்து சேர்ந்தார். இன்று நாம் ஏற்பி என்று வழங்குவது இதனையே.

எனினும் இக்கருத்தை உலகம் கைதட்டி வரவேற்கவில்லை. ஏற்பியை எவரும் கண்டதில்லை, பிரித்தெடுத்ததில்லை, அதன் எடையோ வடிவோ எவரும் அறியார். நரம்புச் சேதிகளை ஆராய்ந்து 1936-இல் நோபெல் பரிசு பெற்ற ஹென்றி டேலே இதனை ஏற்கத் தயங்கினார் எனின், பிறரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அத்தயக்கத்தை நாம் குறை கூறோம். சான்று கேட்பது அறிவுடையார் கடன். குறை யாதெனின், சான்று வந்து கதவைத் தட்டியபோதும் பலர் திறவாதிருந்ததே.

அச்சான்றைக் கொணர்ந்தவர் அமெரிக்காவில் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் ஆல்குவிஸ்ட். அட்ரினலினும் அதன் உறவுப் பொருள்களுமாக ஆறனை எடுத்து, உடலின் வெவ்வேறு உறுப்புகளில் எது வலிது, எது மெலிது என்று வரிசைப்படுத்தினார். இரத்தக் குழாயைச் சுருக்குவதில் ஒரு வரிசை கிடைத்தது. இருதயத்தை முடுக்குவதில் முற்றும் வேறொரு வரிசை கிடைத்தது. முன்னதில் கடைசியாய் நின்ற ஐசோபிரினலின் பின்னதில் முதலாய் நின்றது. பூட்டு ஒன்றே எனின் சாவிகளின் வரிசை மாறாது. ஆகவே பூட்டுகள் இரண்டு என்றார். ஆல்பா, பீட்டா எனப் பெயரும் சூட்டினார். கட்டுரையை மருந்தியல் சஞ்சிகை ஒன்று திருப்பி அனுப்பிற்று. 1948-இல் உடலியல் சஞ்சிகை ஒன்று வெளியிட்டது. வெளிவந்த பின்னும் அது சில ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது.

அதே 1948-இல் சிங்கப்பூரில், ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில், ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் உடலியல் விரிவுரையாளராய் இருந்தார். படிப்பு முடித்தபோது கடன் மிகுந்திருந்தமையால், சம்பளம் கூடுதல் என்று கப்பலேறி வந்தவர். 1947 முதல் 1950 வரை இங்கே பணியாற்றினார். கடனடைக்கக் கடல் கடந்தவர் கதை நம் மக்களுக்குப் புதிதன்று. ஏற்பி ஆராய்ச்சி அவருக்கு இங்கே வாய்க்கவில்லை என்பதையும் ஊர்ப்பெருமை பேச விரும்புவோர்க்குச் சொல்லி வைக்கிறோம்.

தாயகம் திரும்பிய பிறகே, ஆல்குவிஸ்ட் மருந்தியல் நூலொன்றில் எழுதிய அத்தியாயம் அவர் கண்ணில் பட்டது. நெஞ்சு நோவால் துன்புறுவோர்க்கு இருதயத்திற்குச் செல்லும் இரத்தத்தைப் பெருக்குவதே அக்கால வைத்தியர்கள் நாடிய வழி. பிளாக் கணக்கைத் திருப்பிப் போட்டார். வரவைப் பெருக்க இயலாதபோது செலவைக் குறைத்தால் என்ன? அட்ரினலின் வந்து சேருமுன் பீட்டா ஏற்பியில் வேறொன்று அமர்ந்துகொண்டால், இருதயம் வீணே விரையாது. இக்கருத்திலிருந்து பிறந்த பிராப்ரனலால் 1960-களின் நடுவில் நோயாளிகளின் கைக்கு வந்தது. கண்ணால் காணாத பொருளொன்றை நம்பிச் செய்த மருந்து, எத்தனையோ பேரை எழுந்து நடமாட வைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பீட்டா ஏற்பியும் ஒரே வகையன்று என்பது 1967-இல் தெரிந்தது. இருதயத்தில் மிகுதியாய் உள்ளது முதல் வகை, மூச்சுக் குழலில் உள்ளது இரண்டாம் வகை. பிராப்ரனலால் இரண்டையும் அடைக்கும். எனவே ஆஸ்துமா உடையவர் அதனை உண்டால் மூச்சுக் குழல் இறுகி உயிருக்கே ஆபத்து நேரலாம். இரண்டாம் வகையை மட்டும் பெரிதும் தூண்டுவதே, ஆஸ்துமாக்காரர் வாயில் வைத்து உறிஞ்சும் நீலக் குழலிலுள்ள சால்புட்டமால். ஒரே குடும்பத்து ஏற்பிகள். ஒன்றை அடைப்பது ஒருவர்க்கு மருந்து, மற்றொருவர்க்கு நஞ்சு. பக்கத்து வீட்டாரின் மாத்திரையை இரவல் வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டாகையால் இதனை விரித்தோம். பிளாக் பின்னர் இரைப்பையில் அமிலம் சுரக்கச் செய்யும் ஹிஸ்டமின் ஏற்பியை அடைக்கும் சிமெட்டிடினையும் ஆக்கினார். 1988-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

ஏற்பியைக் கையிற் பிடித்துக் காட்டியதோ மற்றொரு நஞ்சு. தைவானின் கட்டுவிரியன் நஞ்சிலுள்ள ஒரு பொருள், லாங்லி ஆராய்ந்த தசை ஏற்பியை விடாப்பிடியாய்ப் பற்றுவதை அத்தீவின் அறிஞர்கள் கண்டனர். மின்சாரம் பாய்ச்சும் விலாங்கின் உறுப்பில் அவ்வேற்பி மலிந்து கிடக்கிறது. 1970-இல் பாரிஸில் ஷான்ஷூ குழுவினர் அந்நஞ்சைத் தூண்டிலாகக் கொண்டு ஏற்பியைப் பிரித்தெடுத்தனர். அது ஒரு வாயிலாகவே இருந்தது: சேதி வந்ததும் திறந்து, சோடிய அயனிகளை நொடியில் ஆயிரத்திலொரு பங்குக்குள் உள்ளே விடும். விரல் அசைப்பதற்கு அவ்வேகம் வேண்டும்.

எல்லா ஏற்பியும் வாயிலன்று. இன்சுலின் ஏற்பி, வெளியே சேதியைப் பற்றி உள்ளே தானே வேதிவினையைத் தொடங்கும் இயல்பினது; அதன் பயனாய்த் தசை உயிரணு சர்க்கரையை உள்ளிழுக்கிறது. நம்மவரிடையே மலிந்துள்ள இரண்டாம் வகை நீரிழிவில், தொடக்கத்தில் இன்சுலின் இல்லாமலில்லை. உயிரணு அதன் சொற்கேட்பது மந்தமாகிறது. ஈஸ்ட்ரஜன் முதலியவற்றின் ஏற்பிகளோ உயிரணுவின் உள்ளேயே இருந்து மரபணுக்களை எழுப்புவன. மார்பகப் புற்றில் அவ்வேற்பி உண்டா என்று சோதித்த பின்னரே டமாக்சிபென் போன்ற மருந்து கொடுக்கப்படுகிறது.

அட்ரினலின் ஏற்பி இவற்றினின்றும் வேறான பெருங்குடும்பத்தது. அது வெளியே சேதி பெற்று, உள்ளே காத்திருக்கும் ஜி புரதத்தைத் தட்டியெழுப்புகிறது. அது வேறொன்றை, அது மற்றொன்றை என்று வேலை நடக்கிறது. அதன் மரபணுவை 1986-இல் லெஃப்கோவிட்ஸ், கோபில்கா முதலியோர் படித்தறிந்தபோது, அது விழியில் ஒளியை ஏற்கும் புரதத்தை ஒத்திருக்கக் கண்டு வியந்தனர். இரண்டும் உயிரணுவின் சவ்வை ஏழுமுறை ஊடிச் செல்வன. கோபில்கா மேலும் இருபதாண்டு உழைத்து, 2007-இல் மனிதரின் இரண்டாம் பீட்டா ஏற்பியின் வடிவத்தைத் துணைவர்களோடு வெளியிட்டார். லாங்லி 1925-இலும் ஆல்குவிஸ்ட் 1983-இலும் மறைந்துவிட்டனர். மூவருள் பிளாக் ஒருவரே, தம் 83-ஆம் வயதில், அப்படம் வெளிவரும் வரை உயிரோடிருந்தார்.