மருத்துவர் பல்புவும் மைசூர் அரசும்

சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய திருவிதாங்கூர்க்காரர் பத்மநாபன் பல்பு (1863–1950). ஈழவர் என்பதால் சொந்த சமஸ்தானம் அவருக்கு மருத்துவப் பணி மறுத்தது; மைசூர் அரசு ஏற்றுக்கொண்டது. அப்பணியில் இருந்தபடியே, ஈழவருக்குக் கல்வியும் அரசு வேலையும் கோரி 13,176 பேர் ஒப்பமிட்ட மனுவை 1896இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு அளித்தார். பயனில்லை.

1898இல் பெங்களூரில் பிளேக் பரவியது. உயிருக்கு அஞ்சாது அங்கே உழைத்த பல்புவை மைசூர் அரசு மேற்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பியது. கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற பட்டயம் பொதுச் சுகாதாரத்துக்கானது. கொள்ளைநோய் கண்ட நகருக்கு வேண்டியிருந்ததும் அதுவே. திரும்பியபின் பெங்களூரின் சுகாதார அதிகாரியானார். கேரளச் சீர்திருத்தவாதியாக மட்டுமே அவரை நினைவுகூரும் வரலாறுகள் இப்பகுதியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அவரது கடற்பயணத்துக்குச் செலவிட்டது பிறந்த மண்ணன்று, பெங்களூரை ஆண்ட அரசு.