மீனைப் பிடிக்கச் செய்த வலை, மீனை விடுவதற்கு என்று ஆன கதை

ஒரு பொருளின் உருவம் அப்படியே இருக்க, அதன் வேலை மட்டும் தலைகீழாக மாறிப்போவது உண்டு. என் சாஃப்ட்வேர் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பில் போட எழுதின புரோகிராம், பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா வேறு ஏதோ கணக்கைச் செய்துகொண்டிருக்கும். அந்த மாதிரி ஒரு பொருளைப் பற்றித்தான் இந்தப் பதிவு: ஃப்ளை ஃபிஷிங் செய்பவர்கள் முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு போகும், மரச்சட்டம் போட்ட சின்னக் கைவலை.

முதலில் ஃப்ளை ஃபிஷிங். நம்ம ஊர்த் தூண்டிலில் மண்புழுவைக் கோர்ப்போம். இதில் புழு கிடையாது. இறகையும் நூலையும் முள்ளின் மேல் சுற்றி ஒரு பூச்சி மாதிரி கட்டியிருப்பார்கள். அந்தப் பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை என்பதால் தடிமனான கயிற்றைச் சாட்டை மாதிரி வீசி, அதன் கனத்தில் பூச்சியைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மீன் கண்ணில் படக்கூடாது என்பதற்காக நுனியில் கட்டும் இழை மட்டும் மிக மெல்லிசாக இருக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு அளவு 0.15 மில்லிமீட்டர்தான். ஒரு கிலோ டிரவுட் தண்ணீருக்குள் இருக்கும்வரை இந்த இழை தாங்கும். அப்படியே வெளியே தூக்கினால், துள்ளுகிற துள்ளலில் அறுந்துவிடும். அதனால் மீனுக்கு அடியில் வலையைக் கொடுத்துத் தாங்கியாக வேண்டும்.

ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட மீன்பிடிப் புத்தகத்திலேயே இந்த வலை வந்துவிடுகிறது. அப்போது அதன் நோக்கத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. பிடித்த மீன் தப்பாமல் அடுப்படி போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதை எப்படிச் செய்கிறார்கள்? பழக்கமான வடிவம் ஒரு நீர்த்துளி மாதிரி இருக்கும். சட்டத்துக்கு அமெரிக்காவில் நெடுங்காலமாகப் பேர் போனது ஆஷ் மரம். தாவரவியல்படி இது நம்ம மல்லிகைப்பூவின் குடும்பம்! இதன் நார் நீளமாக, நேராக ஓடும். நீராவியில் வைத்தால் மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் இளகிவிடும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் நீராவி என்பது தச்சர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. வெளியே எடுத்த சில நொடிகளில், ஆறுவதற்குள், அச்சில் வைத்து வளைத்துவிட வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீராவியில் இளகிய மரம் நன்றாக அமுங்கிக்கொடுக்கும், ஆனால் இழுபடாது. நீளவாக்கில் ஓரிரு சதவீதம் இழுத்தாலே வெளிப்பக்க நார் பிளந்துவிடும். ஆஸ்திரியாவில் நாற்காலி செய்த மைக்கேல் தோனெட், வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையைக் கட்டி வளைத்து இந்தச் சிக்கலைத் தீர்த்தார். 1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலி இன்றும் பிரபலம். அதற்கு முன்னால் அவர் மெல்லிய மரப்பட்டிகளைப் பசையோடு சேர்த்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று வீட்டில் வலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் போகிறார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பட்டிகளை அறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, பிளைவுட் அச்சைச் சுற்றி வளைத்துக் காயவிடுவார்கள். பிறகு பசை தடவி, மூன்று பட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். பட்டிகளின் முனைகள் சேரும் இடத்தில் வால்நட், செர்ரி மாதிரி வேறு நிற மரத்தில் ஒரு ஆப்பு. அதுதான் கைப்பிடியாகிறது. பிறகு இழைத்து, துளையிட்டு, வலையைக் கோர்த்து, வார்னிஷ் அடித்தால் வேலை முடிந்தது.

இந்தச் செய்முறையில் எங்கேயும் ‘மீனை விடுவது’ என்ற எண்ணமே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தேடினால், முக்கியமான ஒரு இடம் மிச்சிகன் மாநிலத்தின் ஓ சாபிள் ஆறு.

அந்த ஆற்றங்கரையில் கிரேலிங் என்று ஒரு ஊர் இருக்கிறது. கிரேலிங் என்பது முதுகில் பாய்மரம் மாதிரி துடுப்பு கொண்ட ஒரு மீன். 1870களில் ரயில் வந்ததும் வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வந்து அந்த மீனை அள்ளினார்கள். அதே காலத்தில் வெள்ளை பைன் காடுகளை வெட்டி, கட்டைகளை ஆற்றிலேயே மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். கட்டைகள் உரசி, முட்டையிடும் கூழாங்கல் படுகைகள் நாசமாயின. மரநிழல் போய்த் தண்ணீர் சூடானது. 1884இல் ஜெர்மனியிலிருந்து வந்த முட்டைகளில் பொரித்த பிரவுன் டிரவுட் குஞ்சுகளை மிச்சிகனின் பால்ட்வின் ஆற்றில் விட்டார்கள். அப்படி வெளியிலிருந்து வந்த டிரவுட்களும் போட்டிக்கு வந்தன. 1930களோடு மிச்சிகனில் கிரேலிங் மீன் அற்றுப்போனது. ஊர்ப்பெயர் மட்டும் நின்றது.

மீன்பிடி எழுத்தாளர் லீ வுல்ஃப் 1930களின் இறுதியில், விளையாட்டுக்காகப் பிடிக்கும் மீனை ஆற்றிலேயே திரும்ப விட வேண்டும் என்று வாதிட்டார். 1959இல், கிரேலிங்கை இழந்த அதே ஓ சாபிள் கரையில்தான் ‘டிரவுட் அன்லிமிடெட்’ என்ற அமைப்பு தொடங்கியது. பண்ணையில் பொரித்த மீனைக் கொட்டிக்கொண்டே இருப்பதைவிட, ஆற்றையும் அதில் இருக்கிற மீனையும் காப்பாற்றுவதுதான் வழி என்பது அவர்கள் கட்சி.

இதற்குப் பிறகு வலை மாறத் தொடங்கியது. மரச்சட்டம் அப்படியே இருந்தது, பை மாறியது. பழைய பை முடிச்சுப் போட்ட பருத்தி அல்லது நைலான் நூல். மீன் உடம்பின் வழவழப்பு அதற்கு ஒரு கவசம். முடிச்சு அதைச் சுரண்டிவிடும், துடுப்பைக் கிழிக்கும், நோய் புகுந்துவிடும். சமைக்கப்போகிற மீனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. விடப்போகிற மீனுக்கு இதுதான் உயிர். கனடாவில் புளூகில் என்ற மீனை வைத்து நடந்த ஆய்வில் முடிச்சு வலைகள் அதிகக் காயம் செய்தது தெரியவந்தது. இப்போது ரப்பர் பூசிய, முடிச்சில்லாத, அடி தட்டையான பைகள் வந்துவிட்டன. வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, மீனை வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றிவிடலாம். தப்பவிடாமல் தூக்குவதற்கு வந்த கருவி, இப்போது மீனைத் தூக்காமல் இருப்பதற்குப் பயன்படுகிறது.

ஆனால் மாறாமல் இருந்த அந்த மரத்துக்கும் ஒரு ஆபத்து வந்தது. 2002இல் அதே மிச்சிகனில், டெட்ராய்ட் பகுதியில், ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள மரகதப்பச்சை வண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் மரத்தோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். இதன் புழு ஆஷ் மரப்பட்டைக்கு அடியில் குடைந்து, மரத்தின் உணவோட்டத்தையே அறுத்துவிடும். சில வருடங்களில் மரம் நின்றபடியே சாகும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இப்படிப் போய்விட்டன. வலை செய்பவர்களுக்கு மேப்பிள், செர்ரி, வால்நட் என்று வேறு மரங்கள் இருக்கின்றன. காட்டுக்கு அப்படி மாற்று மரம் கிடையாது.

நமக்கு டிரவுட் என்றால் ஆங்கிலேயர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்த மீன், அவலாஞ்சி குஞ்சு பொரிப்பகம், அவ்வளவுதான் நினைவுக்கு வரும். அங்கேயும் அது வந்தேறி மீன்தான். மிச்சிகன் கதையிலும் மீன், மரம், வண்டு எல்லாவற்றையும் மனிதர்கள்தான் இடம் மாற்றினார்கள், அல்லது இல்லாமல் செய்தார்கள். அலாஸ்காவிலிருந்து முட்டை கொண்டுவந்து கிரேலிங்கை மறுபடியும் மிச்சிகன் ஆறுகளில் வாழவைக்க இப்போது முயற்சி நடக்கிறது. அது பலித்தால், என்றைக்காவது ஒரு கிரேலிங் மீன் ரப்பர் வலையில் நிமிஷ நேரம் கிடந்துவிட்டு ஆற்றுக்குத் திரும்பும். அந்த வலையின் சட்டம் ஆஷ் மரத்தில் செய்ததாக இருக்குமா என்பதுதான் சந்தேகம்.