பத்தாவது சங்கிலி

கல்முனையில் நின்று பார்த்தால் கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. ஆனாலும் எங்கள் மூத்தம்மாமாரின் கதைகளில் பாவா ஆதம் மலை எப்போதும் இருந்தது.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்து பாதைகள் திறந்த பின், 2003 மார்ச்சில் நண்பன் ஒருவனுடன் அங்கு சென்றேன். இளம்பிள்ளைவாதத்தால் சிறுவயதிலேயே வலது கால் சூம்பியவன். கலிப்பரும் ஊன்றுகோலுமாக நடப்பான். புறப்படுமுன் ஒரே நிபந்தனை விதித்தான்: "மச்சான், என்னத் தூக்கப்படாது. தூக்கிறெண்டா நான் வரல்ல."

பஸ்ஸில் இப்னு பதூதாவின் கதையை அவனுக்குச் சொன்னேன். 1344இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளப் பக்கம் கரையேறியவர், ஆரியச் சக்கரவர்த்தியிடம் ஆதம் பாதத்தைத் தரிசிக்க உதவி கேட்டார். மன்னர் ஒரு பல்லக்கும் அதைச் சுமக்க அடிமைகளும் கொடுத்தார். கூடவே யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம் ஆட்கள் பத்துப்பேர், உணவு சுமக்கப் பதினைந்துபேர்.

மலையில் படிகள் வெட்டி, இரும்பு முளைகள் அறைந்து, பிடித்தேறச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்து. பத்தாவதுக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கிருந்து கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாச் சொல்வாராம்.

ஏறுவதற்குப் பாவா வழி, மாமா வழி என இரண்டு இருந்தன. மாமா வழி இலேசானது. திரும்புவோர் அதனால் இறங்குவார்கள். அதனால் ஏறியவரைத் தரிசித்தவராகக் கணக்கெடுப்பதில்லை என்றும் அவர் எழுதுகிறார்.

நாங்கள் நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறத் தொடங்கினோம். அந்த வழியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பாதி வழியில் கலிப்பர் வார் தோலை அறுத்து இரத்தம் கசிந்தது. தேநீர்க் கடைக்காரரான சிங்களப் பெரியவர், இரண்டு பொடியன்களைக் கூப்பிட்டுக் கதிரையில் வைத்துத் தூக்கிவிடுகிறேன் என்றார். நண்பன் மறுத்துவிட்டான். எனக்குக் கோபம் வந்தது.

"இப்னு பதூதாவே பல்லக்கில வந்தவர்தானே?" என்றேன்.

அவன் சிரித்தான். "அவரு ராசாட விருந்தாளி. அவரத் தூக்கினா மரியாத. என்னத் தூக்கினா பாவம் எண்டுவாங்க."

"நீ மேல போயிட்டு வா, நான் இருக்கன்" என்றும் சொன்னான். நான் போகவில்லை. விடிந்ததும் இருவரும் இறங்கினோம்.

ஊர் திரும்பியபின், அவனுக்காக உச்சியை விட்டேன் என்று பலரிடம் சொல்லித் திரிந்தேன். நான் சொன்னதும் "பாவம்" என்பதன் இன்னொரு உருவந்தான் என்பது விளங்கப் பல வருடங்கள் எடுத்தன. ஊன்றுகோலுடன் அவன் ஏறிய படிகளை நானும் கணக்கெடுக்கவில்லை.

2001 மே மாதத்தில் எரிக் வைஹன்மேயர் எவரெஸ்டின் உச்சியை அடைந்தார். அச்சிகரத்தை எட்டிய முதலாவது பார்வையற்றவர் அவர். முன்னே சென்ற தோழர் மணியை ஒலிக்க, அந்த ஓசையைப் பின்தொடர்ந்தே ஏறினார். மணியும் சங்கிலியும் படியும் பல்லக்கும் மனிதனுக்கு மனிதன் செய்த உதவிகளே. எந்த உதவியுமில்லாமல் பெரிய மலைகளை ஏறியவர்கள் அரிது. சிலருக்கு அது பயண ஏற்பாடு, சிலருக்கு அனுதாபம் என்று பெயரிட்டது நாம்தான்.

பத்தாவது சங்கிலியில் தன்னைப்போன்ற பயணிகளுக்கு வந்த அச்சத்தை இப்னு பதூதா மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்கு அன்று இருந்திருந்தால், "எனக்கும் கால் நடுங்குது மச்சான்" என்றாவது சொல்லியிருப்பேன்.