வெண்மணி: பேசப்படாத இன்னொரு வழக்கு

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 அன்று வெண்மணிக்குப் போகிறோம். 44 பேருக்கும் வீரவணக்கம் செலுத்துகிறோம். திரும்பும் பேருந்தில் பேச்சு எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்: உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விட்டுவிட்டது. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் குற்ற வழக்கோடு கதையை முடித்துவிடுகிறோம். இறந்தவர்களின் குடும்பங்களுக்குச் சட்டத்தில் இன்னொரு கதவும் இருந்தது.

1968இல் அது ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டம். இன்று நாகப்பட்டினம் மாவட்டம். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தார்கள். அன்றிரவு ஒரு சிறு குடிசைக்குள் தஞ்சம் புகுந்தவர்களை உள்ளே வைத்தே கொளுத்தினார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1970இல் நாகை அமர்வு நீதிமன்றம், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. காரும் பெருநிலமும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்.

அந்த இன்னொரு கதவு, 1855ஆம் ஆண்டின் ஃபேட்டல் ஆக்சிடெண்ட்ஸ் சட்டம். பெயரில்தான் ஆக்சிடெண்ட். ஒருவரின் தவறான செயலால் இன்னொருவர் இறந்தால், அந்தச் செயல் குற்றமாகவே இருந்தாலும், இறந்தவரின் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்காக இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் எந்தத் தரப்பு நம்பத்தக்கது என்று எடைபோட்டால் போதும். குற்ற வழக்கில் விடுதலை ஆனதாலேயே சிவில் பொறுப்பு போய்விடாது.

ஆனால் கெடு, இறந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டு. வெண்மணிக்கு அது 1970 டிசம்பரோடு முடிந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு அதன் பிறகும் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தால் கதவு மூடிவிடும்.

கெடுவை விட மோசமானது அந்தச் சட்டத்தின் கணக்கு. இறந்தவர் உயிரோடிருந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு கொண்டுவந்திருப்பார் என்பதுதான் அளவுகோல். வெண்மணியில் அதை அளந்தால் என்ன வரும்? மிராசுதார் கொடுத்த கூலிதான். அரைப்படி கூட்டித் தர மறுத்தவர், ஆளைக் கொன்ற பிறகும் தான் கொடுத்த கூலியின் கணக்கிலேயே பணம் கட்டலாம். குழந்தைக்கோ கூலியே கிடையாது. சமூகவியல் வகுப்பில் அமைப்புசார் வன்முறை என்று படித்தோம். அதன் அர்த்தம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

கூலியைத் தொடாத கணக்கு வரப் பல பத்தாண்டு ஆயிற்று. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன் விதிகள் 1995இல். 2016 திருத்தத்தின்படி கொலைக்கு நிவாரணம் 8.25 லட்சம் ரூபாய். பாதி உடற்கூராய்வு முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்கு அடிப்படை ஓய்வூதியமாக மாதம் 5,000 ரூபாயும் அகவிலைப்படியும், ஒருவருக்கு வேலை, பிள்ளைகளின் பட்டப்படிப்பு வரை முழுச் செலவு என்று பட்டியல் நீள்கிறது. நாற்று நட்டவருக்கும் வாத்தியாருக்கும் ஒரே தொகை.

இதைப் படிக்கும் மாணவத் தோழர்கள் விதி 12இன் ஐந்தாவது உட்பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நிவாரணம், வேறு சட்டங்களில் இழப்பீடு கேட்கும் உரிமைக்கு மேல் கூடுதலானது. 'அரசு பணம் கொடுத்தாச்சே, இன்னும் என்ன வழக்கு?' என்று சமரசம் பேச வருபவரிடம் இதைக் காட்டலாம். 1855ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றுவரை உயிரோடுதான் இருக்கிறது. ஏழைகள் நீதிமன்றக் கட்டணம் கட்டாமல் வழக்குத் தொடர சிவில் நடைமுறைச் சட்டத்தில் வழியும் உண்டு.

டெல்டாவில் நாங்கள் உடன் நின்ற ஒரு குடும்பத்துக்கு இதெல்லாம் எட்டவேயில்லை. வயலில் கிடந்த உடலைப் பார்த்ததும் காவல் நிலையத்தில் 'சந்தேக மரணம்' என்று எழுதிவிட்டார்கள். வன்கொடுமைப் பிரிவு இல்லாததால் ஒரு ரூபாய்கூட நகரவில்லை. பிரிவை மாற்றச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தே மாதங்கள் போயின. அந்த அம்மா முதல் நாளே முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். யார் சொன்னார்கள் என்று கேட்டோம். "வெண்மணி நாளுக்குப் போனப்ப யாரோ மைக்கில சொன்னாங்க, தம்பி" என்றார்.