சாகப்போகிறவர்களின் வணக்கம்

"ஆவே இம்பெராதோர், மொரித்தூரி தே சலூத்தாந்த்" என்பது ரோமப் பேரரசர் கிளாடியஸ் முன்னிலையில் கி.பி. 52இல் எழுப்பப்பட்டதாகப் பதிவாகியுள்ள இலத்தீன் முழக்கம். "பேரரசரே வாழ்க, சாகப்போகிறவர்கள் உம்மை வணங்குகிறார்கள்" என்பது இதன் பொருள். கிளாடியேட்டர்கள் என்னும் அரங்கப் போர்வீரர்கள் ஒவ்வொரு மோதலுக்கு முன்பும் இப்படி முழங்கினார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் பண்டைய நூல்கள் இந்த ஒரு நிகழ்வில் மட்டுமே இதைக் குறிப்பிடுகின்றன. அன்று முழங்கியவர்கள் தண்டனைக் கைதிகள்.

நிகழ்வு

நடு இத்தாலியிலுள்ள ஃபூசினோ ஏரியின் நீரை வடிக்க, கிளாடியஸ் மலையைக் குடைந்து கால்வாய் வெட்டச் செய்தார். அதற்கு 30,000 பேர் 11 ஆண்டுகள் உழைத்ததாக ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். நீரைத் திறந்துவிடும் முன் அதே ஏரியில் கப்பற்போர்க் காட்சி ஒன்று நடத்தப்பட்டது. அதில் 19,000 பேர் ஆயுதம் தரித்து இறக்கப்பட்டதாக மற்றொரு ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கூறுகிறார். அவர்கள் தப்பிவிடாதபடி தெப்பங்களில் காவல் போடப்பட்டிருந்தது.

கைதிகளின் முழக்கத்துக்குக் கிளாடியஸ், "சாகாமலும் போகலாம்" என்னும் பொருளில் பதில் சொன்னார். அதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டு அவர்கள் சண்டையிட மறுத்தனர். எல்லோரையும் கொன்றுவிடலாமா என்று யோசித்த பேரரசர், கடைசியில் எழுந்து தள்ளாடியபடி கரையோரம் ஓடி, மிரட்டியும் ஊக்கியும் அவர்களைப் போரிட வைத்தார்.

சான்றுகளின் வேறுபாடு

பேரரசரின் பதில் பற்றிய இந்த விவரம் 2ஆம் நூற்றாண்டில் எழுதிய சுவெட்டோனியஸ் தருவது. 3ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவிடம் முழக்கம் உண்டு, பேரரசரின் பதில் இல்லை. முழங்கியும் உயிர்ப்பிச்சை கிடைக்காததால் கைதிகள் போரில் இறங்கினர் என்கிறார் அவர். டாசிட்டஸ் முழக்கத்தையே குறிப்பிடவில்லை. கைதிகள் வீரத்தோடு பொருதினர், குருதி பெருகியபின் எஞ்சியோர் கொல்லப்படாமல் விடப்பட்டனர் என்று முடிக்கிறார். ஆகவே இதை வழக்கமான சடங்காகக் கொள்ள இடமில்லை; இரக்கம் வேண்டிய குரலாகக் கொள்வதே பொருத்தம்.

கிளாடியேட்டர்களின் நிலையோ வேறு. பெரும்பொருள் செலவிட்டுப் பயிற்றப்பட்ட அவர்களில் தோற்றவர்களும் பலமுறை உயிரோடு விடப்பட்டனர்.

பிற்காலப் பரவல்

"இம்பெராதோர்" என்ற இடத்தில் "சீசர்" அமர்ந்த வடிவமே இன்று பிரபலம். பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ஜெரோம் 1859இல் இம்முழக்கத்தையே தலைப்பாக்கித் தீட்டிய ஓவியம், அரங்கில் கிளாடியேட்டர்கள் பேரரசரை வணங்குவதாகக் காட்டியது. ஏரிக்கரைக் கைதிகளின் குரல் கிளாடியேட்டர்களுடையதாக மக்கள் மனத்தில் பதிய இத்தகைய படைப்புகள் துணைபுரிந்தன.